இரண்டு கருவி, ஒரே பழுது: மென்பொருள் கட்டமைப்பில் தாங்குதிறனும் மீட்சியும்

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறக்குறைய 40 வினாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில், அது பாதை விலகிச் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதனுடன் அழிந்தன. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணிக்கும் நிலைமக் கருவி ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஒன்று நின்றால் மற்றது பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் முதல் கருவி நின்றபோது, அந்த மாற்றுக் கருவி அதற்கு முந்தைய 72 மில்லிவினாடிச் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது.

இரட்டிப்பை மட்டுமே நம்பும் கட்டமைப்பு மாதிரியின் குறை இங்கே வெளிப்படுகிறது. ஓர் உறுப்பு பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால், இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என அது கணக்கிடும். இரண்டும் தனித்தனிக் காரணங்களால் பழுதானால்தான் இக்கணக்கு செல்லும். மென்பொருளோ தேய்ந்து பழுதாவதில்லை. ஒரே நிரலுக்கு ஒரே உள்ளீடு கிடைத்தால் அது ஒரே இடத்தில்தான் இடறும். ஆகவே பழுது எங்கே பிறக்கிறது, எந்த இணைப்பு வழியே பரவுகிறது, அதைப் பெறும் உறுப்பு என்ன செய்கிறது ஆகிய மூன்றையும் மாதிரி காட்டியாக வேண்டும்.

ஏரியானில் இம்மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டபோது இடம் கொள்ளாமல் வழிந்தது. ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்ட நிரல் அது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகமோ பழையதைப் போல ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. ஏழு மாறிகளில் நான்கிற்கே பாதுகாப்பு இருந்தது. செயலியின் சுமையை 80 சதவீதத்துக்குள் வைப்பதற்காக மற்ற மூன்றும் காப்பின்றி விடப்பட்டன. பழுதைக் கண்ட கருவி தன்னை நிறுத்திக்கொண்டு, பழுதறியும் குறிப்பை அனுப்பியது. அதைப் பறப்புத் தரவாக எடுத்துக்கொண்ட முதன்மைக் கணினி, எஞ்சின் முனைகளை முழு அளவு திருப்பியது. பிழை பேரழிவானது இந்த இணைப்பில்தான்.

அப்படியானால் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நிரல்களை எழுதினால் போதுமா? ஜான் நைட், நான்சி லெவ்சன் இருவரும் 1986-இல் இதைச் சோதித்து வெளியிட்டனர். ஒரே தேவைக்குத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களைப் பத்து லட்சம் உள்ளீடுகளால் சோதித்தபோது, தற்செயல் அனுமதிப்பதைவிட மிக அதிகமான உள்ளீடுகளில் பல நிரல்கள் சேர்ந்தே தவறின. கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருக்கிறது. பன்மை பயனுள்ளதுதான், ஆனால் முழுச் சார்பின்மையை அதிலிருந்து ஊகித்துவிட முடியாது.

மீட்சியைக் கட்டமைப்பிலேயே வைத்த எடுத்துக்காட்டு அதற்கும் முந்தையது. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்குகையில் 1202, 1201 என்ற எச்சரிக்கைகள் எழுந்தன. சந்திப்பு ரேடாரிலிருந்து வந்த தேவையற்ற சைகைகள் வழிகாட்டிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. கணினி மீண்டும் தொடங்கியது. எங்கிருந்து தொடர வேண்டும் என்று முன்பே குறித்து வைத்திருந்ததால், இறங்குவதற்கு இன்றியமையாத பணிகளை மட்டும் தொடர்ந்தது. மாற்றுக் கணினி எதற்கும் அங்கே வேலை வரவில்லை. எந்தப் பணியைக் கைவிடலாம், எதைக் கைவிடக்கூடாது என்ற முடிவு பறப்புக்கு முன்பே வடிவமைப்பில் இருந்தது.

இன்றைய மாதிரி மொழிகளில் இதை எழுத முடியும். எஸ்.ஏ.இ. அமைப்பின் ஏ.ஏ.டி.எல். மொழியில் உள்ள பிழை மாதிரிப் பின்னிணைப்பு, ஒவ்வோர் உறுப்பின் பிழை நிலைகளையும், அது வெளியே அனுப்பும் பிழையின் வகையையும், மீட்சிக்கான நிகழ்வுகளையும் கட்டமைப்போடு சேர்த்தே எழுத இடம் தருகிறது. ‘தரவு வரவில்லை’ என்பதும் ‘தவறான தரவு வந்தது’ என்பதும் அங்கே வேறு வேறு வகைகள். ஏரியானின் நிலைமக் கருவிகள் இப்படி எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே நிரலைச் சார்ந்திருப்பதும், முதன்மைக் கணினியிடம் இரண்டாம் வகைக்குப் பதில் இல்லாததும் ஆய்வுக்கு வந்திருக்கும்.

ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் பரிந்துரைகளும் இத்திசையிலேயே அமைந்தன. ஏரியான் 5 மேலெழுந்த பின் பயனற்றதாகிவிட்ட, நிலைமக் கருவியின் சீரமைப்புப் பணியை அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும் என்றது குழு. பழுது ஏற்பட்டாலும் எந்த உணர்கருவியும் தன்னால் இயன்ற தரவை அனுப்புவதை நிறுத்தக்கூடாது என்றும் கூறியது.