ஸ்பெயினில் பிறந்து பிரான்சில் பிழைத்த வால்

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு புலம்பல் எழும். 'தொடங்கு' என்று பொருள் தரும் 'கொமான்ஸே' வினை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும். நான், நீ, அவன், அவள் எல்லாம் சரி. 'நாம் தொடங்குகிறோம்' என்று எழுதும்போது மட்டும் நடுவிலிருக்கும் சி எழுத்தின் காலடியில் கொக்கி போல ஒரு வால் முளைத்துவிடும்: நூ கொமான்ஸோன். இறந்தகாலம் இன்னும் மோசம். 'தொடங்கிக்கொண்டிருந்தேன்' என்றால் வால் உண்டு. 'தொடங்கிக்கொண்டிருந்தோம்' என்றால் இல்லை. எழுத்து மாறும் வினைகள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார் ஆசிரியர்.

பட்டியலைவிட அந்த வாலின் பூர்வீகம் தெரிந்துகொள்வது பயன் தரும். பிரெஞ்சில் அதன் பெயர் செடீய்.

ரோமானியர் காலத்து லத்தீனில் சி எங்கே வந்தாலும் 'க' ஓசைதான். நாம் சிசரோ என்கிற பேச்சாளரை அவர் ஊர்க்காரர்கள் கிகெரோ என்றே கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் ஈ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் (ஆங்கில எழுத்துப் பெயர்களிலேயே சொல்கிறேன்) அந்த ஓசை குழைந்து, பிரெஞ்சில் 'த்ஸ' ஆகி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஸ' ஆக நிலைத்தது. ஏ, ஓ, யூ-வுக்கு முன்னால் மட்டும் சி-யை 'க' என்றே படிக்க வேண்டும். வினைக்கு இதனால் வந்தது வம்பு. விகுதி ஓ-வில் தொடங்கினால் 'கொமான்ஸோன்' என்பதை 'கொமான்கோன்' என்று படித்துவிடுவார்கள். ஏடெழுதியவர்கள் இதைச் சமாளிக்க, சி-யை அடுத்து ஒலிக்காத ஒரு ஈ-யைச் செருகினார்கள். சிலர் இசட்டைச் சேர்த்தார்கள். ஆளுக்கொரு வழி.

தீர்வு ஸ்பெயினில் இருந்தது. அங்கே விசிகோத்திய எழுத்துமுறையில் இசட்டின் மேல்பகுதி பெரிதாக வளைந்து சி போலவே இருக்கும். நாளாக நாளாக மேல்வளைவு பெருத்து முழு சி ஆனது. மீதி இசட் சுருங்கிக் காலடியில் தொங்கும் வாலாயிற்று. 'செடில்யா' என்ற ஸ்பானியப் பெயருக்குக் குட்டி இசட் என்றே பொருள். பழைய ஸ்பானியத்தில் 'த்ஸ' ஓசைக்கு இந்த எழுத்துதான். சரகோசா நகரத்தின் பெயரை அன்று இரண்டு வால் போட்டு எழுதினார்கள்.

பிரெஞ்சு அச்சுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெஃப்ருவா தோரி. பூர்ஜ் நகரில் பிறந்து, பாரிசில் உடைந்த பானையைச் சின்னமாக வைத்துப் புத்தகத் தொழில் செய்தவர்; மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அச்சாளர். 1529இல் எழுத்துகளின் வடிவம் பற்றி 'ஷான் ஃப்ளூரி' என்ற நூலை வெளியிட்டார். ஓ-வுக்கு முன்னால் வரும் சி, 'கொக்கேன்' என்ற சொல்லில் வன்மையாகவும் 'கார்ஸோன்', 'பிரான்ஸ்வா' போன்றவற்றில் மென்மையாகவும் ஒலிக்கிறதே, எழுத்தில் அதைக் காட்ட ஒரு குறியும் இல்லையே என்பது அதில் அவர் வைத்த குறை. குறை சொன்னதோடு நிற்கவில்லை. 1533 ஜூன் 7இல் அவர் அச்சிட்டு முடித்த கவிஞர் கிளெமான் மாரோவின் கவிதைத் தொகுப்பு, சி-யை 'ஸ' என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் கீழே குறி போட்டிருப்பதாக முகப்பிலேயே அறிவித்தது. அந்த ஆண்டே தோரி காலமானார். ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து நம் ஊரில் எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் கைவைத்ததும் இதே மாதிரி வேலைதான்: எழுத்தை மாற்றாமல் ஒரு சிறு கோட்டில் காரியத்தை முடிப்பது.

ஜி எழுத்துக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. 'சாப்பிடுகிறோம்' என்பதற்கு 'நூ மான்ஜோன்' என்று எழுதும்போது ஓ-வுக்கு முன்னால் இன்றும் ஒலிக்காத ஈ நிற்கிறது. சி-க்கும் ஒரு காலத்தில் இருந்த அதே முட்டுக்கட்டை. வகுப்பில் இரண்டையும் இரண்டு விதிகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நோய் ஒன்று, மருந்துதான் வேறு.

வேடிக்கை என்னவென்றால், பெற்ற வீடே பிள்ளையைக் கைவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அரச கழகம் வால் போட்ட சி-யை நீக்கி, பெரும்பாலும் இசட்டையே அந்த இடத்தில் வைத்தது. போர்த்துக்கீசியமும் கட்டலானும் விடவில்லை. 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியபோது 'ச்ச' ஓசைக்கு இதை எடுத்துக்கொண்டது. புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயின் பெயரிலும், அந்நகரில் பிரெஞ்சு ஆட்சிக்கு அடித்தளமிட்ட பிரான்சுவா மார்த்தேனின் பெயரிலும் இந்த வால் இருக்கிறது.

கணினி வந்தபோது மறுபடி இடநெருக்கடி. தொடக்ககாலக் குறியேற்றத்தில் இருந்தவை 128 இடங்களே. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பதிப்பில் பின்சாய்கோட்டை வெளியேற்றி அந்த இடத்தில் வால் சி-யைக் குடியேற்றினார்கள். விசைப்பலகையில் சிறிய எழுத்துக்கு 9ஆம் எண் விசை கிடைத்தது. பெரிய எழுத்துக்கு நேரடி விசை கிடைக்கவில்லை. 'ஸா வா?' என்று நலம் விசாரிக்கும் வாக்கியமே அந்தப் பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறது! விண்டோசில் ஆல்ட் விசையோடு 0199 அடித்து அதை வரவழைக்கலாம். பொறுமை இல்லாதவர்கள் வாலை விட்டுவிடுவார்கள். 2019இல் வந்த பிரெஞ்சு விசைப்பலகைத் தரம்தான் இத்தகைய பெரிய எழுத்துகளுக்கு எளிய வழி செய்தது.

1990 டிசம்பரில் பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் வேறு சில வினைகளைத் தொட்டது. எல் அல்லது டீ இரட்டிக்கும் வினைகளில் பலவற்றை, இரட்டிக்காமல் சாய்கோடு போட்டே எழுதலாம் என்றது. 'கூப்பிடு', 'எறி' இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் பழையபடி விட்டது. செடீய் போடும் வினைகளின் பக்கம் போகவே இல்லை.

ஆகவே பிரெஞ்சு படிப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். காதுக்கு இவை ஒழுங்கானவையே; அந்த ஒழுங்கைக் காப்பாற்றத்தான் எழுத்து வளைகிறது. முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஸ' ஓசை தரும் சி-யை அடுத்து ஏ, ஓ, யூ எழுத்துகளில் ஒன்று வந்தால் வால் போடுங்கள். ஈ, ஐ வந்தால் போடாதீர்கள்.