முசிறிக் கடன் பத்திரமும் கொடுமணல் பானை ஓடும்

திருவனந்தபுரத்தில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தால் ஒன்று புரியும். ஒரு குடும்பத்தின் நிலைமையைப் பாஸ்புக்கைவிட, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைக்கிற நகைதான் சரியாகச் சொல்லும். பழைய காலத்து வியாபாரத்தைப் படிக்கும்போதும் இந்தப் புத்தி போவதில்லை.

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. 1985இல் பதிப்பித்தார்கள். ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். செங்கடலில் இறங்கும் சரக்கு ஒட்டகத்தில் கோப்டோஸ் போய், நைல் வழியாக அலெக்சாந்திரியா கிடங்குக்குப் போக வேண்டும். கடன் கொடுத்தவரின் முத்திரையில் இருக்கும். தவணை தவறினால் சரக்கு அவருக்கு. நாங்கள் இன்று எழுதுகிற அடமானப் பத்திரத்திலும் இதேதானே இருக்கிறது!

மறுபக்கம் ஹெர்மபொல்லான் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. சடாமாஞ்சி, யானைத் தந்தம் எல்லாம் வருகிறது. கால் பங்கு சுங்கம் போக மதிப்பு 1154 தாலந்து, அதாவது சுமார் 69 லட்சம் திராக்மா.

சரி, அவர்கள் கணக்கு தெரிந்துவிட்டது. நம் பக்கத்து வீடுகளில் என்ன தங்கியது? அதற்குப் பத்திரம் இல்லை. வீட்டைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் மாயா நகரங்களில் இதைத்தான் செய்கிறார்கள். தூரத்து எரிமலைப் பகுதியிலிருந்து வந்த அப்சிடியன் கல், அரண்மனையில் மட்டுமல்லாமல் சின்ன வீடுகளிலும் பரவலாகக் கிடைத்தால், மக்கள் சந்தையில் வாங்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள்.

இதே கேள்வியோடு ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலைப் பாருங்கள். நொய்யல் கரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதையில் இருந்த ஊர். முசிறி ஏட்டுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அங்கே மணித் தொழில் நடந்திருக்கிறது. 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் துளை போடாததும் மெருகு ஏற்றாததுமாக மணிகள் கிடைத்தன. கூடவே தமிழ்பிராமி கீறிய பானை ஓடுகள், 500க்கும் மேல். பெரும்பாலும் ஆள் பெயர்கள். பானையில் பெயர் கீறுவது என்றால் 'இது என்னுடையது' என்றுதானே அர்த்தம்? எழுத்தும் சொத்தும் அரண்மனையோடு நின்றுவிடவில்லை.

அதற்காக எல்லோரும் சமம் என்றும் சொல்ல முடியாது. அதே ஊரில் ஒரே ஒரு ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. மற்றவர்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. நகைக்கடன் கவுண்டரிலும் ஒருவர் ஆரம் வைப்பார், அடுத்தவர் ஒற்றைத் தோடு வைப்பார். வியாபாரம் வீடுவரை வந்தது, ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வரவில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

நான் ஊருக்குப் போகிற ரயிலும் அந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. முன்பெல்லாம் பாலக்காடு வரும்போது தூங்கிவிடுவேன். இப்போது ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்காருகிறேன். மணிக்குத் துளை போட்டவன் பெயர் வியன்னா ஏட்டில் இல்லை. ஏதோ ஒரு பானை ஓட்டில் இருக்கலாம்.