கடல் கடந்த திரைச்சுவை: இணையவழி ரசிகர் மரபும் லாங் ஐலண்டும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ரசிகர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் திரையரங்கையும் ரசிகர் மன்றத்தையும் களமாகக் கொண்டவை. எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூலும் (1992), மதுரை நகர எளிய மக்களின் திரைப்பட ஈடுபாட்டைக் களஆய்வின்வழி விளக்கிய சாரா டிக்கியின் நூலும் (1993) இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. இவற்றுக்குப் பின் ரசிகர் கூடும் இடமே மாறிவிட்டது. அம்மாற்றத்தின் வரலாற்றையும் அதன் சான்றுகளின் நிலையையும் அந்தமானின் லாங் ஐலண்டை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சும் அலைவரிசையும்

தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்பெறும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. அதன்பின் வளர்ந்த ரசிகர் மரபுக்குப் பாட்டுப் புத்தகங்களும் 'பேசும் படம்', 'பொம்மை' முதலிய இதழ்களும் துணைநின்றன. இதழ்களின் கேள்வி-பதில் பகுதி ரசிகர் தம் கருத்தை வெளியிடும் இடமாக அமைந்தது. எனினும் கடிதம் அச்சேற ஆசிரியரின் இசைவு தேவைப்பட்டது. தீவில் வாழ்ந்தோர்க்கோ இதழ் கிடைப்பதற்கே கடல்வழி கடக்க வேண்டியிருந்தது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. செயற்கைக்கோள்வழி வந்த இத்தகைய அலைவரிசைகள் கடலிடைத் தொலைவைப் பொருளற்றதாக்கின. சென்னையில் இருப்பவரும் தீவில் இருப்பவரும் ஒரே வேளையில் ஒரே நிகழ்ச்சியைக் காண இயன்றது. ஆயினும் கண்டதைப் பற்றி உடனுக்குடன் பேசுவதற்கு அவ்வழியில் இடமில்லை.

இணையத்தின் வருகை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. அயல்நாட்டுத் தமிழர் அதற்கு முன்னரே இணையச் செய்திக்குழுக்களில் உரையாடி வந்தனர். தமிழ் எழுத்துருக்கள் பரவலாகாத அக்காலத்தில் தமிழை உரோமன் எழுத்திலும் எழுதினர். பின்னர் யாகூ குழுமங்கள், 2004இல் ஆர்குட், தொடர்ந்து முகநூல், ட்விட்டர் எனக் களங்கள் பெருகின. 2017இல் 'மெர்சல்' படத்துக்கு ட்விட்டரில் தனிச் சின்னம் அளிக்கப்பெற்றது. நெய்வேலியில் 2020 பிப்ரவரியில் ரசிகர் கூட்டத்துடன் நடிகர் விஜய் எடுத்து வெளியிட்ட தற்படம், அவ்வாண்டு இந்தியாவில் மிகுதியாக மறுபகிர்வு செய்யப்பெற்ற ட்விட்டர் பதிவாயிற்று. மன்றப் பலகையும் சுவரொட்டியும் ஆற்றிய பணியை இப்பதிவுகள் மேற்கொண்டன எனலாம்.

லாங் ஐலண்டும் கடலடி வடமும்

லாங் ஐலண்ட் வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தைச் சார்ந்த, படகில் சென்றடைய வேண்டிய சிறு தீவு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். இத்தீவுக்கூட்டம் நெடுங்காலம் குறைந்த கொள்ளளவுடைய செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தது. காணொளி பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் அது போதியதன்று.

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வடம் போர்ட் பிளேயருடன் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகியவற்றையும் லாங் ஐலண்டையும் இணைக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று 'சூரரைப் போற்று' திரையரங்குகளுக்கு வராமல் அமேசான் பிரைமில் வெளியாயிற்று. 'முதல் நாள் முதல் காட்சி' என்னும் சிறப்பு, திரையரங்கு உள்ள ஊரினர்க்கே உரியதாக இருந்த நிலை இதனால் தளர்ந்தது. காண்பதில் தொலைக்காட்சி தந்த சமநிலையை, கருத்துரைப்பதற்கும் விரிக்கும் வாய்ப்பை இவ்வடம் தந்தது எனக் கருதலாம்.

அழியும் சான்றுகள்

இவ்வாய்ப்பு வந்த 2020ஆம் ஆண்டிலேயே யாகூ குழுமங்கள் முற்றாக மூடப்பெற்றன. ஜியோசிட்டிஸ் 2009இலும் ஆர்குட் 2014இலும் முன்னரே நின்றுவிட்டன. இவற்றில் தமிழ் ரசிகர் எழுதிய பாடல் விளக்கங்களும் திறனாய்வுகளும் சொற்போர்களும் பெரும்பாலும் மறைந்தன. எஞ்சியவற்றுள்ளும் ஒருங்குறிக்கு முற்பட்ட குறியாக்கங்களில் அமைந்தவை, மாற்றியமைத்தாலன்றிப் படிக்கவியலாதன. மாறாக, மலிவான தாளில் அச்சான பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர், பிறர் பொருட்படுத்தாதவற்றையும் தேடிச் சேர்த்ததன் பயனே இது. 1930களின் ரசிகருக்குள்ள சான்று 1990களின் ரசிகருக்கு இல்லாமற்போகும் நிலை இதனால் தோன்றியுள்ளது.

முடிவுரை

தமிழ் ரசிகர் மரபு அரங்கிலிருந்து அச்சுக்கும், அலைவரிசைக்கும், இணையத்துக்கும் விரிந்துள்ளது. லாங் ஐலண்டு போன்ற சிறு தீவும் அதன் எல்லைக்குள் வந்தமையால், தமிழகத்தை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை எழுதுதல் இனிப் பொருந்தாது. தாளில் வந்தவற்றுக்கு நூலகம் அமைந்ததுபோல் இணைய எழுத்துகளுக்கும் காப்பகம் வேண்டும். எழுதியோரின் இசைவுடனும் அவர்தம் அடையாளம் வெளிப்படாவண்ணமும் இவற்றைத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். தளங்கள் மூடப்பெற்ற பின்னர்த் தேடுவதால் பயனில்லை.