பாபிலோன் வில்லோ: ஒரு பெயர்ப் பிழையின் வரலாறு

வில்லோ என்பது சேலிக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரங்களையும் புதர்ச்செடிகளையும் குறிக்கும் பொதுப்பெயராகும். இப்பேரினத்தில் சுமார் 400 இனங்கள் உள்ளன. அவற்றுள், கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் வில்லோவின் அறிவியல் பெயர் சேலிக்ஸ் பாபிலோனிகா. ஆனால் இம்மரத்தின் தாயகம் பாபிலோன் அன்று, சீனா.

பெயர் வந்த விதம்

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலஸ் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' என்னும் நூலில் இப்பெயரைச் சூட்டினார். இதற்குப் பின்னணி விவிலியத்தின் 137-ஆம் சங்கீதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற யூதர்கள், அங்கிருந்த ஆற்றங்கரை மரங்களில் தங்கள் இசைக்கருவிகளைத் தொங்கவிட்டதாக அது கூறுகிறது. ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் பலவும் அம்மரத்தை வில்லோ என்றன. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அது அலரிச்செடி என்று உள்ளது. நம் வீடுகளில் வளரும் அலரியோ வேறு குடும்பத்துச் செடி.

குழப்பத்தின் காரணம்

சங்கீதம் குறிப்பது யூப்ரடீஸ் பாப்லார் மரத்தையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அம்மரத்தின் இளங்கிளைகளில் இலைகள் வில்லோ இலைபோல் ஒடுங்கி நீண்டிருக்கும். முதிர்ந்த கிளைகளில் அகன்றிருக்கும். இளமரத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது எளிது.

இனம் காணும் முறை

முதலில் மொட்டைப் பார்க்க வேண்டும். வில்லோவின் மொட்டை ஒரே செதில் மூடியிருக்கும். பாப்லார் மொட்டில் பல செதில்கள் இருக்கும். அடுத்து இலையையும் கிளையையும் பார்க்க வேண்டும். வெள்ளை வில்லோவின் இலையடியில் பட்டுப்போன்ற வெண்மயிர்கள் காணப்படும். கிரிக்கெட் மட்டை செய்யப்படுவது இதன் ஒரு வகையிலிருந்துதான். சேலிக்ஸ் பிராஜிலிஸ் என்னும் இனத்தின் சிறுகிளை, வளைத்தால் அடியோடு படக்கென முறியும். இவ்விரு இனங்களும் தம்முள் கலந்து கலப்பினங்களைத் தருவதால், ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. தமிழ்நாட்டு மலையோடைக் கரைகளில் வளரும் ஆற்றுப்பாலையும் ஒரு வில்லோவே. பெயரில் பாலை இருந்தாலும் அது பாலை மரங்களின் குடும்பம் அன்று.

முறைப்படி வெளியிடப்பட்ட அறிவியல் பெயரை, பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் மாற்றுவதற்குத் தாவரப் பெயரிடல் விதிகளில் இடமில்லை. எனவே சீன மரம் இன்றும் பாபிலோனின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயர் மரத்தை அழைப்பதற்கு உதவும். அது எந்த மரம், எந்த ஊர் மரம் என்பதை மொட்டையும் இலையையும் கிளையையும் பார்த்தே மாணவர்கள் தெளிய வேண்டும்.