புற்றுநோயும் சமூக ஏற்றத்தாழ்வும்: டொக்டர் வி. சாந்தாவின் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடித்தவர் யார், எந்த ஆண்டில், பெற்ற பரிசு யாது என்பனவே அதன் உள்ளடக்கமாகும். நோய் யாரைப் பிடித்தது, பிடிக்கப்பட்டோருள் யார் பிழைத்தனர், ஏனையோர் ஏன் பிழைக்கவில்லை என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1955 முதல் 2021இல் மறையும்வரை பணியாற்றிய டொக்டர் வி. சாந்தாவின் வாழ்க்கையை இவ்வினாக்களின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் எமக்குப் புறம்பானவையல்ல. கல்முனைக்குடியில் கரைவலை இழுப்போருக்கும் வெள்ளாமை செய்வோருக்கும் வெற்றிலை ஓர் அன்றாடப் பொருள். வீட்டுக்கு வருபவர் முன் வெற்றிலை வட்டாவை வைப்பது இக்கரையோரத்து மரியாதை. வெற்றிலைக் கூட்டு, புகையிலை சேராதவிடத்தும், புற்றுநோயை விளைவிக்க வல்லது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றாகும். ஆயின் நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மகரகமவில் அமைந்தது. நோய் ஒன்றே; கொழும்பில் வாழ்பவருக்கு அது ஒரு குறுகிய பஸ் பயணம்; கடற்றொழிலாளிக்கோ பல நாட்கூலி, தங்குமிடம், துணைக்கு ஓர் ஆள் என்பவற்றின் இழப்பு. தொலைவும் வறுமையும் நோயின் புறச்சூழல்கள் மட்டுமல்ல, அதன் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளுமாகும். சாந்தாவின் பணி எமக்கு முக்கியமாவது இக்காரணத்தினாலேயே.

அடையாறு நிறுவனம் அரசின் திட்டமிடலால் தோன்றியதன்று. மாதர் இயக்கமொன்றின் விளைவாகத் தோன்றியது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவரும், 1927இல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்றவரும், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவருமான டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்னும் கோரிக்கையை அவர் பல்லாண்டுகள் சுமந்தார். இந்நோயாளர் எவ்வாறாயினும் இறப்பவர்களே. இவர்களுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவானேன் என்ற மனோபாவம் அதிகார மட்டத்தில் நிலவிய காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது.

மறுவருடம் இங்கு வந்து சேர்ந்தவரே சாந்தா. மயிலாப்பூரில் 1927இல் பிறந்த அவர், சி. வி. இராமன், எஸ். சந்திரசேகர் ஆகிய இரு நோபல் விஞ்ஞானிகளின் உறவினர். கல்வியும் வாய்ப்பும் மரபுரிமையாய்க் கிடைத்த ஒரு பிரிவைச் சார்ந்தவர். 1949இல் மருத்துவப் பட்டமும் 1955இல் மகப்பேற்று, பெண்நோயியல் துறையில் உயர்பட்டமும் பெற்ற அவருக்கு அரசாங்க மகளிர் மருத்துவமனையில் நியமனம் கிடைத்திருந்தது. அதனை விடுத்து அவர் அடையாற்றைத் தெரிந்தார். முத்துலட்சுமியின் மகன் டொக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவரும் இணைந்து வளர்த்த அச்சிறு மருத்துவமனை, 1950களின் பிற்பகுதியில் இந்தியாவின் முதலாவது கோபால்ட்-60 கதிர்ச்சிகிச்சைச் சாதனத்தைப் பெற்றது. வாய்ப்புற்றுக்குக் கதிர்ச்சிகிச்சையோடு மருந்தையும் இணைத்து வழங்கும் ஆய்வினை இருவரும் 1960களிலேயே வெளியிட்டனர். இவ்வாய்வுப்பொருளின் தெரிவு மனங்கொள்ளத்தக்கது. மேலைநாட்டு ஆய்வுகூடங்களின் முதன்மைப் பிரச்சினையன்று வாய்ப்புற்று. தமிழகத்து உழைக்கும் மக்களின் பிரச்சினை. நோயாளியின் வர்க்கமே ஆய்வின் வினாவைத் தீர்மானித்தது எனலாம்.

அக்காலத்தில் தமிழ்ப் பண்பாட்டுத் துறையில் இந்நோய் எவ்வாறு சித்திரிக்கப்பட்டது என்பதையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1962இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ புற்றுநோயாளி ஒருவரை மையமாகக் கொண்ட திரைப்படம். அதில் நோய், காதலையும் தியாகத்தையும் வெளிப்படுத்துவதற்கான ஒரு வாயில். நோயாளி படித்த நடுத்தர வர்க்கத்தினர். மருத்துவம் தனிமனித அறத்தின் களம். செலவு, தொலைவு, கூலி என்பன அங்குப் பிரச்சினைகளாக எழவில்லை. அதே நகரில் அடையாற்றுக்கு வந்துகொண்டிருந்தவர்களிற் பெருந்தொகையினர் நோய் முற்றிய பின்னரே வந்த ஏழைகளாவர். கலை விதியெனக் காட்டியதை மருத்துவமனையின் வாயில் சமூக உறவெனக் காட்டியது.

இவ்வுண்மை எண்ணாக மாறிய கட்டமே சாந்தாவின் பணியில் மிக முக்கியமானது என்பது எமது கருத்து. 1980இல் அவர் நிறுவனத்தின் பணிப்பாளரானார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ், 1982இல் சென்னை நகரின் சனத்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு அங்கு தொடங்கப்பட்டது. மருத்துவமனைக் கணக்கு என்பது வந்தவர்களின் கணக்கு. சனத்தொகைப் பதிவேடோ வராதவர்களையும் தேடிச் செல்வது. பதிவேட்டு ஊழியர் அரச, தனியார் மருத்துவமனைகளுக்கும் நோயியல் ஆய்வுகூடங்களுக்கும் நேரிற் சென்று விபரம் திரட்டினர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். எந்தச் சிகிச்சையும் பெறாது இறந்தவரும் இவ்வாறு வரலாற்றில் இடம்பெறலாயினர். எண்ணப்படாதவருக்கு வரவுசெலவுத் திட்டத்திலும் இடமில்லை என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெழுதுவினைஞர் பணியின் அரசியற் பொருள் புலனாகும். 2012 முதல் இம்முயற்சி தமிழ்நாடு முழுவதற்குமாக விரிவுபெற்றது.

அப்பதிவேடு கூறிய செய்தி யாது? 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்தது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். அடுத்த கால்நூற்றாண்டுக்குள் அது பெரிதும் குறைய, மார்பகப் புற்றுநோய் அதனை முந்தியது. இந்த வீழ்ச்சி ஒழுங்கமைக்கப்பட்ட பரிசோதனைத் திட்டத்தினால் நிகழ்ந்ததன்று. திருமண வயது உயர்ந்தமை, மகப்பேறுகள் குறைந்தமை, பெண்கல்வி, தூய்மை வசதி ஆகிய சமூக மாற்றங்களே அதன் பின்னணியாய் அமைந்தன. ஒரு புற்றுநோய் மருந்தாலன்றிச் சமூக வாழ்வின் மாற்றத்தால் பின்வாங்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

மாற்றம் மெதுவாகவே எட்டும் கிராமப்புறத்துக்கு வேறு வழியும் உண்டு. லியோன் நகரிலுள்ள மேற்குறித்த சர்வதேச முகவரகத்தைச் சேர்ந்த டொக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இதனை நிறுவியது. பயிற்றப்பட்ட தாதியர், வினாகிரியின் சத்தான அசற்றிக்கமிலத்தைத் தடவி, கருப்பைக் கழுத்தை வெறுங்கண்ணாற் பார்த்தனர். 2007இல் வெளியான முடிவுகளின்படி, இவ்வாய்ப்பு வழங்கப்பட்ட ஊர்களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் நிகழ்ந்த இறப்பு ஏனைய ஊர்களைவிட 35 வீதம் குறைந்தது. விலையுயர்ந்த இயந்திரமின்றியும் உயிர்காக்கலாம். தேவை பயிற்சிபெற்ற கைகளே.

கைகளைப் பயிற்றுவதில் சாந்தாவின் பங்கு தனித்து நோக்கத்தக்கது. 1984இல் அடையாற்றில் நிறுவப்பட்ட கல்லூரி, இந்தியாவில் முதன்முதலாகப் புற்றுநோய் மருத்துவத்திலும் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையிலும் உயர்பட்டப் படிப்புகளைத் தொடங்கியது. அதுவரை இச்சிறப்புப் பயிற்சிக்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது. கடந்தவர் பலர் திரும்புவதுமில்லை. இந்நிறுவனத்தின் நோய்ப்பரவலியல் துறையில் சாந்தாவுடன் இணைந்து ஆய்வு செய்த டொக்டர் கஜலட்சுமி, பின்னர் தமிழகத்தில் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து, புகைபிடித்தல் காசநோய் மரணத்தை எவ்வளவு பெருக்குகின்றது என்பதை 2003இல் உலகுக்குக் காட்டினார். கூட்டுழைப்பின் பயனைக் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயிலும் காணலாம். அடையாறு உட்பட மூன்று இந்திய நிலையங்கள் பொதுவானதொரு சிகிச்சை முறையைக் கைக்கொண்டபோது, நான்காண்டுகள் நோய் மீளாது வாழ்ந்தோர் விகிதம் 20 வீதத்துக்கும் குறைவான நிலையிலிருந்து 45-60 வீதமாக உயர்ந்தது.

எனினும் வழிபாட்டு நோக்கு ஆய்வாகாது. அடையாறு நிறுவனம் ஏழைகளை இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ ஏற்றது உண்மை. அவ்வேற்பு நன்கொடையிலும், நிறுவன வளாகத்திலேயே எளிமையாய் வாழ்ந்த ஒருவரின் துறவிலும் பெரிதும் தங்கியிருந்ததும் உண்மையே. 2005இல் மக்சேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் அத்துறவைப் போற்றின. தனிமனிதத் தியாகத்தைப் போற்றும் ஒரு சமூகம், அத்தியாகம் ஏன் தேவைப்பட்டது எனக் கேட்பதிலிருந்து தன்னை எளிதில் விடுவித்துக்கொள்கின்றது. உரிமையாக இருக்கவேண்டிய சிகிச்சை கருணையாகக் கிடைத்த இடத்திலேதான் சாந்தாக்கள் தேவைப்படுகின்றனர்.

இலங்கையில் சிகிச்சை சட்டப்படி இலவசமானது. இது பெரும் பேறு. ஆயினும் இலவச வைத்தியம் பஸ் கட்டணத்தையோ இழந்த நாட்கூலியையோ தருவதில்லை. டொக்டர் சமன் வர்ணகுலசூரியவும் பிறரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சிந்திக்க வைக்கின்றது. இந்நாட்டின் ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதித்தனர். சந்தேகத்துக்குரிய மாற்றங்களைத் திறம்பட இனங்கண்டனர். ஆனால் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழப் பாதியினரே சென்றனர். மறுபாதியினரை அறியாமையாளர் எனப் பழிப்பது எளிது. கடலுக்குப் போகாத நாளில் அடுப்பெரியாத வீட்டை அறிந்தவர் அவ்வாறு பழிக்கமாட்டார்.

எனவே சாந்தாவின் அனுபவத்திலிருந்து எமது கரையோரம் பெறத்தக்க பாடங்கள் இரண்டு. ஒன்று, ஊர்தோறும் வராதவர்களை எண்ணுதல். மற்றையது, நோயாளியை வைத்தியசாலைக்கு அழைப்பதற்கு முன்னர், பயிற்சிபெற்ற கண்களை அவரது வாசலுக்கு அனுப்புதல். குடும்ப நல மாது கல்முனைக்குடியின் ஒவ்வொரு ஒழுங்கையையும் அறிவார். தாயையும் சேயையும் காத்த அந்த அமைப்பு வெற்றிலை மெல்லும் வாயையும் பார்க்க முடியும். அதற்குத் தேவைப்படுவது இன்னொரு தியாகியன்று; ஒரு கைவிளக்கும், சிலநாட் பயிற்சியும், அனுப்பப்படுபவரின் பயணச் செலவையும் நாட்கூலியையும் ஏற்கும் அரச தீர்மானமுமே ஆகும்.