இயேசு மன்றாட்டு

கீழை மரபுவழித் திருச்சபையினர் நாள்தோறும் சொல்லும் மிகச் சிறிய செபம். இயேசுவை ஆண்டவர், இறைமகன் என்று விளித்து, பாவியான தன்மேல் இரக்கம் கேட்பது, அவ்வளவுதான். லூக்கா நற்செய்தியில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரரின் வேண்டுதல் இதன் வேர். எகிப்தின் பாலைநிலத் துறவியரிடையே இத்தகைய குறுஞ்செப வழக்கம் முளைத்தது. 14ஆம் நூற்றாண்டில் அதோஸ் மலைத் துறவியர் இதை மூச்சோடு இணைத்துச் சொன்னது கண்டனத்துக்கு உள்ளானபோது, துறவியும் இறையியலாளருமான கிரகோரி பலமாஸ் அவர்களுக்காக வாதாடினார். 1782இல் வெனிசில் அச்சான 'பிலோகாலியா' என்னும் ஆன்மிக எழுத்துகளின் தொகுப்பு இதைப் பரவலாக்கியது.

இதைச் செபிப்போர் கையில் கறுப்புக் கம்பளி நூலில் முடிந்த கயிறு, பெரும்பாலும் 100 முடிச்சு. முடிச்சுக்கு ஒரு செபம். மணிமாலைபோல் ஓசை எழாது, சட்டைப்பைக்குள்ளேயே உருட்டலாம். மூச்சுமுறையை மட்டும் வழிகாட்டியின்றித் தொடங்க வேண்டாம் என்று மூத்த துறவியர் எச்சரிப்பர்.