சாவா மூவாப் பேராடு

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டுவார்கள், முகர்வார்கள், ஒன்றைக் கடித்தும் பார்ப்பார்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். காசு கொடுப்பவரும் பொருளைக் கொண்டுபோகிறவரும் ஒருவரே என்பதால் இது இயல்கிறது. அறக்கொடையில் இவ்விருவரும் வேறு வேறு ஆட்கள். கொடுத்தவர் ஓர் ஊரில் இருப்பார். சோறோ மருந்தோ பெற வேண்டியவர் வேறோர் ஊரில் இருப்பார். நடுவில் நிற்கும் நிறுவனம் அனுப்பும் புகைப்படத்தையும் நன்றிக் கடிதத்தையும் கடித்துப் பார்க்க முடியாது.

சந்தைக்கு மேலே எழும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. வன்பரணர் பாடிய அவ்வள்ளல் பாணருக்கும் விறலியருக்கும் நேரில் கொடுத்தான். பெற்றவர் முகம் அவன் கண்முன் இருந்தது. தான் மறைந்த பின்னும் கொடை நடக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பும்போதுதான் இடையில் ஆள் தேவைப்படுகிறது. ஆள் வந்தால் கணக்கும் வந்தாக வேண்டும்.

இதைச் சோழர் காலத்துக் கொடையாளிகள் நன்கு அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய அவர்கள் பெரும்பாலும் 96 ஆடுகள் விட்டார்கள். செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகள் பெருகி எண்ணிக்கை குறையாது நிற்கும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மந்தையை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். யார் கொடுத்தார், யார் ஏற்றார், எந்த அளவையால் அளப்பது என்பதெல்லாம் கோயில் சுவரில் வெட்டப்பட்டன. காப்புப் பொறுப்பு பன்மாகேசுவரர் என்ற அடியார் கூட்டத்துக்கு. வாசிக்கத் தெரியாதவருக்கும் விளக்கு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஆடு மேய்த்தவரின் பிழைப்பும் அந்த மந்தையிலிருந்தே நடந்தது. அதை யாரும் களவாகக் கருதவில்லை. இன்றோ நன்கொடையாளர் முதலில் கேட்பது நிர்வாகச் செலவைத்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. மேய்ப்பவருக்கு எவ்வளவு போயிற்று என்று மட்டும் பார்த்துவிட்டு, நெய் வந்ததா என்று பாராமல் போகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

சுவரும் ஊரார் கண்ணும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயிலே சான்று. துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794இல் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தம் செல்வத்தை அறத்துக்கு எழுதிவைத்தார். எண்ணம் தெளிவாகவே இருந்தது. ஆனால் பணம் பொறுப்பாளர்கள் கையில் இருந்தது, உயில் பெட்டியில் இருந்தது. தருமங்கள் எழுதியபடி நடக்கவில்லை, வழக்குகள் நீண்டன. சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று, பணம் மீண்டபோது வட்டியோடு பல லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது. அவர் கேட்டிருந்த கோயில் பூசைக்கும் அன்னதானத்துக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் சென்னையில் பள்ளி திறந்தது. பின்னாளில் அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது.

கல்லூரியின் பெருமையைப் பேசும்போது அந்த வட்டி எப்படிச் சேர்ந்தது என்பதை நாம் நினைப்பதில்லை. எவருக்கோ இலையில் விழுந்திருக்க வேண்டிய சோறு, விழாமல் கிடந்த ஆண்டுகளில் சேர்ந்த பணம் அது.